யானையைக் காட்டியவன் யார்?

குருடர் யானையைக் கண்ட கதையை நம்மிடையே அறியாதாரில்லை. அரைகுறை அறிவைப் பழிக்க வேண்டிய இடமெல்லாம் அக்கதை எடுத்தாளப்படுகின்றது. மேடைப் பேச்சாளர் எதிர்க்கட்சியினரை அதனாற் சாடுவர். சமயவாதி பிற சமயத்தாரைச் சாடுவர். இலக்கிய விமரிசகர் தம்மோடு மாறுபடும் விமரிசகரைச் சாடுவர். வகுப்பறையிலும் அது நீதிக்கதையாகவே சொல்லப்படுகின்றது. ஒருவன் காலைத் தடவித் தூண் என்றான். மற்றொருவன் காதைத் தடவிச் சுளகு என்றான். வேறொருவன் வாலைத் தடவித் துடைப்பம் என்றான். கேட்போர் சிரிப்பர், கதை முடியும். அக்குருடர்களின் பக்கம் நின்று அதனை மீளச் சொல்லிப் பார்ப்பவர் அரியர்.

இக்கதையின் மிகப் பழைய வடிவங்களுள் ஒன்று பௌத்தரின் பாளி நூலாகிய உதானத்திற் காணப்படுகின்றது. அங்கே ஓர் அரசன் வருகின்றான். சாவத்தி நகரத்துப் பிறவிக் குருடர் அனைவரையும் ஓரிடத்திற் கூட்டுமாறு அவன் ஆணையிடுகின்றான். அவர்களுக்கு யானை 'காட்டப்படுகின்றது': சிலருக்குத் தலை, சிலருக்குக் காது, சிலருக்குத் தந்தம், சிலருக்குக் கால், சிலருக்கு வால். பின்னர் அரசன் வந்து, யானை எத்தகையது என்று வினவுகின்றான். அவரவர் தொட்டதை அவரவர் சொல்கின்றனர். வாய்ச்சண்டை கைச்சண்டையாகின்றது. அரசன் அதைக் கண்டு மகிழ்கின்றான். வாதம்புரியும் சமயத்தாருக்குப் புத்தர் கூறிய உவமை அது. உவமையின் நோக்கத்தோடு நமக்குப் பிணக்கில்லை. ஆயினும் உவமைக்குள்ளே கிடக்கும் நிகழ்ச்சியைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும்.

காலைத் தொட்டவன் தூண் என்றது பொய்யா? யானையின் கால் தூண்போன்றதுதான். காது சுளகுபோன்றதுதான். அவர்களின் விரல்கள் எந்த இடத்திலும் பொய் சொல்லவில்லை. முழுமை அவர்களிடமிருந்து மறைக்கப்பட்டது. மறைத்தவன் அரசனின் ஏவலாளன். ஆளுக்கோர் உறுப்பென்று பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, முழு யானையைப் பற்றி வினா எழுப்பி, விடை தவறியதும் சிரித்தவன் அரசன். அவர்களைச் சுற்றிவரச் செய்து, ஒவ்வோர் உறுப்பையும் தொடுவித்து, முடிவில் ஒரு முழ உயரமுள்ள மண்யானை ஒன்றை மடியில் வைத்திருந்தால் அந்தக் கதை என்னவாகியிருக்கும்? சிரிப்பதற்கு அங்கு எதுவும் இருந்திராது. காலங்காலமாகக் குருட்டின்மேற் சுமத்தப்பட்ட பழி உண்மையில் காட்டியவனைச் சேர வேண்டியது.

அந்த மண்யானையைப் பற்றியதே இக்கட்டுரை. நகரங்களின் பழம்பெருங் கட்டடங்கள் யானையினும் பெரிய யானைகள். ஒரு கோபுரத்தின் அடிப்பீடத்தைத் தடவியவன் அதன் உச்சியை அறியான். ஒரு மண்டபத்தின் ஒரு தூணைத் தழுவியவன் அதன் அமைப்பை அறியான். அக்கட்டடங்களைக் கைக்கு எட்டும் அளவிற் சுருக்கி, விரலாற் படிக்கத்தக்க மாதிரியுருக்களாகச் செய்து விழிப்புலனற்றோர் முன் வைக்கும் முயற்சி இன்று உலகின் பல பாகங்களில் நடைபெறுகின்றது. இம்முயற்சி ஒரு கைத்தொழிற் செய்தி மட்டுமன்று. பண்பாடு யாருக்கு உரியது, அறிவு எவ்வழியால் வருவது, கருணை எங்கு முடிந்து கடமை எங்குத் தொடங்குவது என்னும் வினாக்களை அது நம்முன் நிறுத்துகின்றது.

முதலில் முயற்சியின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். இங்கிலாந்தின் வடகிழக்கிலே, கப்பல் கட்டுந் தொழிலாலும் நிலக்கரியாலும் வாழ்ந்த நகரம் சண்டர்லாந்து. அங்குள்ள நூதனசாலையின் பொறுப்பாளராக இருந்த சார்ள்ற்றன் டீஸ் என்பார், 1906 ஆம் ஆண்டு தொடக்கம் விழிப்புலனற்ற சிறுவர்களை நூதனசாலைக்குள் அழைத்து, அங்கிருந்த பொருள்களைத் தொட்டறியச் செய்தார். பின்னர் வளர்ந்தோரும் வந்தனர். தொட்டறிந்ததைச் சிறுவர்கள் களிமண்ணால் வனைந்தும் காட்டினர். கையாற் பெற்றது மனத்தில் உருவாகி மீண்டும் கைவழியே வெளிவந்தது. 'தொடாதே' என்ற பலகை தொங்கும் கட்டடத்திலே இது நிகழ்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

ஸ்பெயின் நாட்டு விழிப்புலனற்றோரின் தேசிய அமைப்பு 1938 இல் நிறுவப்பட்டது. விழிப்புலனற்றோர் தெருவோரங்களில் நின்று விற்ற அதிர்ட்டலாபச் சீட்டுகளே அதன் வருவாய்க்கு அடித்தளமாயின. அவ்வமைப்பு 1992 இல் மத்ரித் நகரில் ஒரு நூதனசாலையைத் திறந்தது. தம் நாட்டினதும் பிற நாடுகளினதும் புகழ்பெற்ற கட்டடங்களின் மாதிரியுருக்கள் அங்கே தொடுவதற்கென்றே வைக்கப்பட்டுள்ளன. அடுத்த ஆண்டில், 1993 இல், இத்தாலியின் அங்கோனா நகரில் ஓமர் நூதனசாலை தோன்றியது. கண்ணற்ற கவிஞர் என மரபு கூறும் கிரேக்கக் கவியின் பெயரே அதற்கு இடப்பட்டது. அதற்கு வித்திட்டவர்கள் அல்டோ கிராசினி, டானியேலா பொத்தெகோனி என்னும் கணவனும் மனைவியும், இருவரும் விழிப்புலனற்றோர், பயணத்திலும் கலையிலும் பெருவிருப்புடையோர். நூதனசாலைகளிலே கண்ணாடிப் பெட்டிகளும் தடைக் கயிறுகளும் அவர்களைத் தடுத்தன. தொடுதலே விதியாகவுள்ள ஓர் இடம் வேண்டுமென்று அவர்கள் எண்ணினர். அங்கோனா நகரசபை அதனை ஏற்றது. 1999 இல் இத்தாலியப் பாராளுமன்றம் அதனை அரச நூதனசாலையாக்கிச் சட்டமியற்றியது. பார்த்தினன் கோயிலும், உரோமாபுரியின் பந்தியனும், புனித பேதுருவின் தேவாலயமும் அங்கே கைக்கெட்டும் அளவில் நிற்கின்றன. யேர்மனியின் நகரங்களிலோ எக்பேர்ட் புறோர்க்கன் என்னும் சிற்பி வார்த்த வெண்கல மாதிரிகள் நகர்ச் சதுக்கங்களிலேயே வைக்கப்பட்டுள்ளன. ஒரு முழு நகரத்தின் தெருக்களும் தேவாலயங்களும் ஒரு மேசையளவில் அமைந்து, வழிப்போக்கர் எவரும் தொடுமாறு மழையிலும் வெயிலிலும் கிடக்கின்றன.

இம்மாதிரிகளைச் செய்தல் எளிதென்று எண்ணுதல் தவறு. கட்டடத்தைச் சிறிதாக்கிவிட்டால் மாதிரி வந்துவிடும் என்பது கண்ணுடையார் எண்ணம். விரலுக்குத் தன் இலக்கணம் உண்டு. விரல்நுனி தனித்தனியாக உணரக்கூடிய இரு புள்ளிகளுக்கிடையே ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் இடைவெளியாவது வேண்டும். பிரெயில் எழுத்தில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையேயுள்ள தூரம் ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றராக அமைந்திருப்பதும் இதனாலேதான். இதனினும் நுண்ணிய வேலைப்பாடு கண்ணுக்கு அழகு. விரலுக்கு வெறுஞ் சொரசொரப்பு. மாதிரியின் பரப்பும் இரு கைகளை விரித்தால் எட்டும் அளவைத் தாண்டலாகாது. தாண்டினால் அது மீண்டும் யானையாகிவிடும். கூரிய கோபுர நுனி விரலைக் குத்தும். மெல்லிய தூண் ஆயிரம் கை பட்டால் ஒடியும். வெளியில் வைக்கும் உலோகம் உச்சி வெயிலிற் கையைச் சுடும். எதை விடுவது, எதைச் சற்றே மிகைப்படுத்துவது, எதைத் தனியாகப் பெருப்பித்துக் காட்டுவது என்று ஒவ்வொன்றையும் ஆராய்ந்தே செய்தல் வேண்டும்.

ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தினனை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் ஏறத்தாழ 69.5 மீற்றர், அகலம் ஏறத்தாழ 31 மீற்றர், முகப்பில் 8 தூண்கள், பக்கத்தில் 17. நூறில் ஒன்றாக அதனைச் செய்வோமாயின் 70 சென்ரிமீற்றர் நீளமுள்ள மாதிரி கிடைக்கும். இரு கைகளுக்குள் அடங்கும். தூண்கள் 10 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கும். இரு தூண்களுக்கிடையே ஒரு விரல் நுழைந்து உட்சுவரைத் தொடும். தூண் வரிசைக்குள்ளே ஒரு நடை, அதற்குள்ளே சுவர், சுவருக்குள்ளே கருவறை என்னும் அமைப்பை அந்த ஒரு விரல் கண்டுகொள்ளும். ஆயின் அதே அளவில், சுவரின் மேலோடும் 1 மீற்றர் உயரச் சிற்பவரிசை 1 சென்ரிமீற்றராகச் சுருங்கிவிடும். அதிலுள்ள குதிரையையும் வீரனையும் எந்த விரலும் பிரித்தறிய முடியாது. ஆகவே சிற்பத்தின் ஒரு துண்டை வேறாகப் பெரிய அளவிற் செய்து அருகில் வைத்தல் வேண்டும். முழுமைக்கு ஒரு மாதிரி, உட்புறத்துக்குப் பிளந்து திறக்கும் ஒரு மாதிரி, நுணுக்கத்துக்கு ஒரு மாதிரி என ஒரு கட்டடத்துக்கே பல மாதிரிகள் வேண்டப்படும்.

பந்தியனின் கதை வேறு. கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த அக்கட்டடத்தின் உள்விட்டம் 43.3 மீற்றர், தரையிலிருந்து குவிமாடத்தின் உச்சிவரையுள்ள உயரமும் அதுவே. ஒரு முழுக்கோளம் அதற்குள்ளே சரியாகப் பொருந்தியிருக்கும் என்பது பொருள். உள்ளே நின்று அண்ணாந்து பார்ப்பவர் பலர் அதன் பெருமையில் மயங்குவரேயன்றி இவ்வுண்மையை உணரார். பிளந்து திறக்கப்பட்ட மாதிரிக்குட் கையை விட்டுக் குழிவைத் தடவுபவருக்கோ, தாம் ஒரு பந்தின் உட்புறத்தைத் தடவுகின்றோம் என்பது கணத்திற் புலப்படும். உச்சியிலுள்ள ஒளித்துளையின் வழியே நான்கு விரல்களை வெளியே நீட்டலாம். கண் மயங்கிய இடத்திற் கை தெளிந்தது.

இங்கே தத்துவ வினா ஒன்று எழுகின்றது. கையாற் பெற்ற இவ்வறிவு அக்கட்டடத்தைப் பற்றிய அறிவாகுமா, அன்றி வெறும் பொம்மையைப் பற்றிய அறிவா? கண்ணறிவும் தொட்டறிவும் ஒரே பொருளையே தருகின்றனவா? ஐரோப்பியத் தத்துவஞானிகள் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக இதனை விவாதித்துள்ளனர். 1688 இல் அயர்லாந்து அறிஞர் வில்லியம் மொலினியூ, ஜோன் லொக்குக்கு ஒரு வினாவை எழுதியனுப்பினார். பிறவிக் குருடன் ஒருவன் கோளத்தையும் கனசதுரத்தையும் தொட்டு வேறுபடுத்த அறிந்திருக்கின்றான். திடீரெனப் பார்வை பெற்றால், தொடாமலே, இது கோளம், இது கனசதுரம் என்று அவனாற் கூற முடியுமா? முடியாது என்றார் மொலினியூ; லொக்கும் அவ்வாறே கருதினார். 2011 இல் பவன் சின்ஹா முதலிய ஆய்வாளர், பிறவியிலேயே பார்வையிழந்து இந்தியாவில் அறுவைச் சிகிச்சையாற் பார்வை பெற்ற, 8 முதல் 17 வயது வரையான ஐவரைக் கொண்டு செய்த சோதனையின் முடிவை வெளியிட்டனர். தொட்ட உருவத்தைக் கண்ணால் உடனே இனங்காண அவர்களால் இயலவில்லை. ஆயின் சில நாள்களுக்குள்ளேயே அத்திறன் அவர்களுக்கு வரத் தொடங்கியது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் இரண்டு. கண்ணைத் திறந்தவுடன் உலகம் தானே விளங்கிவிடுவதில்லை. பார்த்தலும் பழகிப் பெறும் அறிவே. கண்ணுடைய நாம் குழந்தைப் பருவத்திலேயே அதனைக் கற்றுவிட்டமையாற் கற்றதை மறந்துவிட்டோம். இது முதலாவது. கையும் கண்ணும் வெவ்வேறு மொழிகளைப் பேசினும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாலமிட மனித மனம் விரைந்து கற்றுக்கொள்கின்றது என்பது இரண்டாவது. இரண்டும் ஒரே உலகத்தைப் பற்றியே பேசுகின்றன. கண் ஒரு நோக்கில் எல்லாவற்றையும் அள்ளுகின்றது, கை ஒவ்வொன்றாகச் சேர்க்கின்றது என்று வேறுபாடு கூறுவர். பெருங்கட்டடத்தைப் பொறுத்தவரை இவ்வேறுபாடும் முழுமையாக நில்லாது. எந்தக் கண்ணும் ஒரு கட்டடத்தின் முன்னையும் பின்னையும் உள்ளையும் ஒருசேரக் கண்டதில்லை. யாழ்ப்பாணக் கோட்டையை எண்ணிப் பாருங்கள். ஒல்லாந்தர் அதனை ஐங்கோண வடிவிற் கட்டினர். அகழியோரமாக நாள்தோறும் நடந்து செல்பவரின் கண்ணுக்குத் தெரிவது ஒரு நீண்ட மதில். ஐந்து கோணத்தையும் அவர் வரைபடத்தாலோ மேலிருந்து எடுத்த படத்தாலோ அறிந்தவரேயன்றிக் கண்ணாற் கண்டவரல்லர். வரைபடமும் மாதிரிதான், தாளிலே தீட்டிய மாதிரி.

ஆகவே மாதிரியுரு 'உண்மையானது அன்று' என்று கூறுவோர் முதலில் நிழற்படத்தை எரித்துவிட வேண்டும். தாஜ்மகாலை நேரிற் காணாதவர் நம்முட் பலர். அதனை அறிவோம் என்று கூற நாம் தயங்குவதில்லை. தபாலட்டையளவான, தட்டையான, மணமற்ற, ஒலியற்ற ஒரு தாளே நம் அறிவுக்கு ஆதாரம். அதனைப் பொய் என்று யாரும் இகழவில்லை. கண்ணுடையவன் கையிற் சுருக்கம் அறிவென்றும், கண்ணற்றவன் கையிற் சுருக்கம் விளையாட்டுப் பொருளென்றும் கொள்ளுதல் நேர்மையாகாது.

இதனால், மாதிரியுரு எல்லாவற்றையும் தந்துவிடும் என்று நாம் வாதிடவில்லை. பேருருவின் முன் நிற்கையில் மனிதன் தன் சிறுமையை உணரும் அந்த உணர்ச்சி, மேசைமேலுள்ள பொருளிலிருந்து பிறப்பதில்லை. ஆயின் அவ்வுணர்ச்சிக்கு வாயில் கண் ஒன்றுமட்டுமன்று. கல் மண்டபத்தினுட் புகும்போது முகத்திற் படும் குளிர்ச்சி, காலடி ஓசை எழுந்து திரும்பிவரும் தாமதம், திறந்த முற்றத்துக்கு வந்தவுடன் அவ்வோசை மறைதல், உள்ளங்கையாற் சுற்றி அளக்க முடியாத தூணின் பருமை ஆகியவை இடத்தின் பெருமையை உடலுக்கு உணர்த்துவன. மாதிரியை முதலிற் படித்து, அதன்பின் அவ்விடத்திலேயே நடப்பவர், எந்த ஓசை எந்த மண்டபத்துக்கு உரியது என்பதை அறிந்து நடப்பார். படத்தைப் படித்துவிட்டு நாட்டைக் காணச் செல்பவன் போல்வார் அவர். மாதிரி பயணத்துக்கு மாற்றாகாது. பயணத்துக்கு வேண்டிய எழுத்தறிவாகும்.

'பழஞ்சின்னங்களைப் பாதுகாக்க வேண்டாமா? எல்லோரும் தொட்டால் அவை தேய்ந்துவிடாவா?' என்பார்க்கும் இங்கேயே விடை உண்டு. தேயும் என்பது மெய். கல்லையும் தேய்க்கவல்லது மனிதக் கை. ஆகவேதான் தொடுவதற்கென்று மற்றொன்றைச் செய்யும் கடமை எழுகின்றது. பாதுகாப்பின் பெயரால் தொடுதலைத் தடுத்துவிட்டு, மாற்று எதனையும் செய்யாது விடுதல், சாவத்தி அரசன் செய்ததினும் ஒரு படி கீழானது. அவன் வாலையாவது தொடவிட்டான்.

இனி, மிக வலுவான எதிர்வாதத்துக்கு வருவோம். அது தத்துவஞானிகளின் வாயிலிருந்து வருவதன்று, வாழ்க்கையிலிருந்து வருவது. உலகச் சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகிற் குறைந்தது 220 கோடி மக்களுக்குப் பார்வைக் குறைபாடு உண்டு. அவர்களுட் குறைந்தது 100 கோடிப் பேரின் குறைபாடு தடுத்திருக்கக்கூடியது, அன்றி இன்னும் கவனிக்கப்படாதது. ஒரு மூக்குக்கண்ணாடியும் ஒரு கண்புரைச் சிகிச்சையும் கிட்டாமையாற் பார்வை குன்றியோர் அவருட் பலர். வறுமைக்கும் குருட்டுக்கும் உள்ள உறவு நெருங்கியது. நிலைமை இவ்வாறிருக்க, வெண்கலத்தில் அரண்மனை வார்த்துக்கொண்டிருத்தல் முறையா? பிரெயில் நூலுக்கே வழியில்லாதவனுக்குப் பந்தியன் எதற்கு? வேலையில்லாதவனுக்குக் கோபுரம் சோறிடுமா?

இவ்வினாவை எள்ளித் தள்ளுபவன் மனிதாபிமானி ஆகான். தடுக்கக்கூடிய குருட்டைத் தடுப்பதே முதற்கடமை. சிகிச்சையும், கல்வியும், தொழிலும், அச்சமின்றி நடக்கத்தக்க தெருவும் மாதிரியுருவினும் முந்தியவை. மாதிரி ஒன்றைத் திறந்துவைத்து மாலை சூடி, அதன்மூலம் ஏனைய கடன்களெல்லாம் தீர்ந்தனவென்று காட்டும் வித்தையை நாம் அனுமதிக்கலாகாது. கொடையாளியின் பெயர் பெரிய எழுத்திற் பொறிக்கப்பட்டு, பிரெயில் விளக்கம் ஒரு மூலையில் ஒதுக்கப்படுமாயின், அம்மாதிரி எவருக்காகச் செய்யப்பட்டது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இவ்வெதிர்வாதத்தினுள்ளே ஒரு நஞ்சு மறைந்திருப்பதையும் காணவேண்டும். 'முதலிற் சோறு, பிறகு கலை' என்னும் இவ்வொழுங்கு யாரிடம் விதிக்கப்படுகின்றது? கண்ணுடைய செல்வனிடம் எவரும் இதனைக் கூறுவதில்லை. நாட்டிற் பசி தீரும்வரை ஓவியக் கண்காட்சியை மூடுங்கள் என்று எவரும் கோரவில்லை. ஏழையிடமும் ஊனமுற்றவனிடமும் மட்டுமே, உன் வயிறு நிரம்பியபின் உன் மனத்தைப் பற்றிப் பேசலாம் என்று கூறப்படுகின்றது. வயிறும் நிரம்புவதில்லை, மனத்தின் முறையும் வருவதில்லை. தொழிலாளிக்கு இலக்கியம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு நம் முற்போக்கு எழுத்தாளர் அளித்த விடையே இதற்கும் விடை. சோற்றுக்கான போராட்டமும் பண்பாட்டுக்கான போராட்டமும் ஒரே மனிதனின் போராட்டம். தன் நாட்டின் வரலாற்றில் தனக்குப் பங்குண்டென்று அறிந்தவனே அதன் நிகழ்காலத்திலும் பங்கு கேட்பான்.

மேலும், இப்பெருங்கட்டடங்களை எழுப்பியோர் யார்? அரசர் பெயர் கல்வெட்டில் நிற்கின்றது. கல்லை உடைத்தவனும், சுமந்தவனும், செதுக்கியவனும், சாரத்திலிருந்து வீழ்ந்து மாண்டவனும் பெயரற்ற மக்கள். மக்களின் உழைப்பால் எழுந்த பொருளை மக்களுள் ஒரு பகுதியினரிடமிருந்து மறைத்துவைக்க எவருக்கும் உரிமையில்லை. உரியவனுக்கு உரியதைக் கொடுத்தல் கருணையாகாது.

இவ்விடத்தில் மற்றொரு வினாவையும் எழுப்புதல் தகும். எந்தக் கட்டடங்களை மாதிரியாகச் செய்வது? இதுவரை பெரும்பாலும் கோயில்களும், தேவாலயங்களும், அரண்மனைகளுமே தெரிந்தெடுக்கப்பட்டுள்ளன. அவை கலைச்செல்வங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் வரலாறு அவற்றோடு முடிவதன்று. மலையகப் பெருந்தோட்டத்தின் பழைய லயன் அறை ஒன்று பெரும்பாலும் பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமுங் கொண்டது. பந்தியனைச் செய்த அதே நூறில் ஒன்று அளவில் அதனையும் செய்து பக்கத்தில் வையுங்கள். அங்கே முழுக் கையும் உள்ளே சென்று உலாவியது. இங்கே இரண்டு விரல்கள் மட்டும் நுழையும். ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்த இடம் அந்த இரண்டு விரலுக்கான இடம் என்பதை விரல்களே அறிந்துகொள்ளும். அரசியல் விரிவுரை எதுவும் வேண்டியதில்லை. ஒரே அளவுகோலால் அளக்கப்படும்போது வர்க்க வேறுபாடு தொட்டறியும் பொருளாகிவிடுகின்றது. கண்ணுடைய நாமும் கண்ணை மூடி அந்த இரு மாதிரிகளையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தல் நன்று.

இனி, செய்வோர் யார் என்பது. இதற்குப் பிரெயிலின் வரலாறே நல்லாசிரியன். பாரிஸ் நகரில் 1780களில் வலந்தீன் ஒய் விழிப்புலனற்றோருக்கென ஒரு பாடசாலையைத் தொடங்கினார். கண்ணுடையார் படிக்கும் அதே எழுத்துக்களைத் தாளில் மேடாக எழுப்பி, அவற்றை விரலாற் படிக்கச் செய்தார். நோக்கம் உயர்ந்தது, ஆயின் அவ்வெழுத்துக்கள் கண்ணுக்காகப் பிறந்தவை, விரல் அவற்றோடு போராட நேர்ந்தது. அதே பாடசாலையிற் கற்ற லூயி பிரெயில் என்னும் விழிப்புலனற்ற மாணவர், 1824 அளவில், பதினைந்து வயதிலேயே, விரலுக்கென்றே பிறந்த புள்ளியெழுத்தை அமைத்தார். அது 1829 இல் நூலாக வெளிவந்தது. அதற்கு எதிர்ப்பும் இருந்தது. அவர் 1852 இல் இறந்து இரண்டாண்டுகள் கழிந்த பின்னரே அப்பாடசாலை அதனை முறையாக ஏற்றது. நல்லெண்ணமுள்ள கண்ணுடையார் பல்லாண்டு முயன்று தர இயலாததை, தேவையை உடலால் அறிந்த ஓர் இளைஞன் தந்தான்.

மாதிரியுருவிலும் இதுவே விதி. கண்ணுக்கு அழகாகச் செய்து, பின்னர் 'நீங்களும் தொடலாம்' என்று அனுமதிப்பது ஒய் காலத்து எழுத்தைப் போன்றது. முதல் வரைவிலிருந்தே விழிப்புலனற்றோர் அருகிலிருந்து, இது விளங்குகின்றது, இது குழப்புகின்றது, இது வேண்டாம் என்று கூறவேண்டும்; கூறுவது ஏற்கப்படவும் வேண்டும். அங்கோனாவில் விழிப்புலனற்றோரே வித்திட்டனர் என்பதும், மத்ரித்தில் அவர்தம் அமைப்பே நிறுவியது என்பதும் தற்செயலல்ல. இத்தகைய கூட்டுறவாற் கண்ணுடைய கைவினைஞனும் நன்மையடைவான். 'இந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கின்றது?' என்று ஒருவர் கேட்கும்போதுதான், நாள்தோறும் பார்த்த கட்டடத்தின் பின்புறத்தைத் தாம் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அவனுக்குத் தெரியவரும்.

செலவு என்ற தடையையும் மிகைப்படுத்த வேண்டியதில்லை. வெண்கலம் சதுக்கத்துக்கு வேண்டும். வகுப்பறைக்குக் களிமண்ணும், மரமும், அட்டையும் போதும். இன்று கணினியின் துணையால் உருக்களை அடுக்கடுக்காக வார்த்தெடுக்கும் பொறிகளும் வந்துவிட்டன. பொலன்னறுவையிலுள்ள வட்டதாகே என்னும் வட்டக் கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவே தாதுகோபம், நாற்றிசையும் நோக்கிய புத்தர் சிலைகள், சுற்றித் தூண் வரிசை, நான்கு வாயில்கள். அவ்வமைப்பு விரலுக்கென்றே வகுத்ததுபோல அமைந்துள்ளது. அதே நகரில் சோழர் காலத்துக் கற்றளியாகிய சிவாலயம் ஒன்றும் நிற்கின்றது, சிறியது, தெளிவானது. தச்சுத் தெரிந்த ஓர் ஆசிரியரும் ஆர்வமுள்ள பத்து மாணவரும் சேர்ந்தால் ஒரு தவணைக்குள் இவ்விரண்டையும் செய்துவிடலாம். ஒன்று சிங்கள மக்களின் பௌத்தக் கலை, மற்றொன்று தமிழரின் சைவக் கலை என்று பிரித்துப் பார்க்கப் பழகிய கண்களுக்கு, அடுத்தடுத்து வைக்கப்பட்ட இரு மாதிரிகளும் ஒரே மண்ணின் கல் வேலைப்பாட்டைக் கற்பிக்கவுங்கூடும்.

சட்டம் ஒன்றும் இருக்கின்றது. ஊனமுற்றோரின் உரிமைகள் பற்றி 2006 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட சமவாயத்தின் 30 ஆம் உறுப்புரை, பண்பாட்டு வாழ்விற் பங்குபற்றும் உரிமையை அவர்களுக்கு உறுதிசெய்கின்றது. இலங்கை அதனை 2016 இல் உறுதிப்படுத்தி ஏற்றது. நூதனசாலைகளை அணுகும் உரிமையைக் கூறும் அவ்வுறுப்புரை, தேசிய நினைவுச் சின்னங்களைப் பற்றிக் கூறுமிடத்து 'இயன்றவரை' என்ற ஒரு சொல்லையும் சேர்த்துள்ளது. அச்சொல் ஒரு சிறு கதவு. பொறுப்புள்ளோர் அதன் வழியே முன்னேறவும் செய்யலாம். அதன் வழியே தப்பிச் செல்லவும் செய்யலாம். இயலாமை என்பது பல வேளைகளில் எண்ணாமையின் மறுபெயரே. எது இயலும் என்பதை அலுவலகங்கள் மட்டுமே தீர்மானிக்க விடலாகாது. விழிப்புலனற்றோரின் அமைப்புகளும், ஆசிரியர்களும், கைவினைஞரும், வாசகராகிய நாமும் சேர்ந்தே தீர்மானித்தல் வேண்டும்.

நம் பாடநூல்களிலிருந்து யானைக் கதையை நீக்க வேண்டியதில்லை. சொல்லும் முறையை மட்டும் மாற்றினாற் போதும். தூண் என்றவனையும் சுளகு என்றவனையும் பற்றிச் சொல்லி முடித்தபின், 'ஆளுக்கோர் உறுப்பை மட்டும் காட்டியவன் யார்? ஏன் அவ்வாறு காட்டினான்?' என்று மாணவரைக் கேட்க வேண்டும். அவ்வினாவுக்கு அவர்கள் விடை தேடத் தொடங்குவாராயின், களிமண்ணை எடுத்து யானையொன்றை வனையவும் அவர்களே முன்வருவர்.